உடுத்தவா, சேர்க்கவா? ஆண்களின் உடை: வாசகர் கேள்வி – பதில்

குறைந்த எண்ணிக்கையில் நல்ல உடைகளை வைத்துக்கொள்வது எப்படி என்று சென்ற இதழில் எழுதியிருந்தோம். எதை வாங்கலாம் என்று கேட்டுக் கடிதங்கள் வரும் என எதிர்பார்த்தோம். வாங்குவதை எங்கே நிறுத்துவது என்று கேட்டவர்களும் கணிசமாக இருந்தார்கள். அவற்றிலிருந்து சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: எனக்கு வயது 41. ஆறு ஆண்டுகளுக்கு முன்பு கோட், முன்மடிப்பு வைத்த பேன்ட், தோல் ஷூ என்று மேல்நாட்டுப் பழைய பாணி ஆணுடைகளில் ஆர்வம் பிறந்தது. மலிவாகப் பத்து வாங்குவதைவிடத் தரமாக ஒன்று வாங்கினால் வாழ்நாள் முழுக்க உழைக்கும் என்று படித்து, அதை நம்பித்தான் தொடங்கினேன். இன்று பீரோவில் 14 கோட்டுகளும் ஐம்பதுக்கு மேற்பட்ட சட்டைகளும் இருக்கின்றன. அலுவலகத்தில் கோட் தேவைப்படுவதோ மாதத்தில் மூன்று நாள்தான். இருந்தும் மாதம் தவறாமல் ஒரு பார்சல் வந்துவிடுகிறது. நான் செய்வது சரிதானா?
— ஆர்.கே., வேளச்சேரி, சென்னை

பதில்: நீங்கள் சொன்ன எண்களையே முதலில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் மூன்று நாள் என்றால் ஆண்டுக்கு 36 நாள். 14 கோட்டுகளையும் சுழற்சி முறையில் உடுத்தினால், ஒன்று ஆண்டுக்கு மூன்று முறைகூட வெளியே வராது. ₹20,000 கொடுத்து வாங்கிய கோட்டைப் பத்தாண்டு வைத்திருந்தாலும் சுமார் 25 முறைதான் போடுவீர்கள். ஒரு தடவைக்கு ₹800 ஆகிறது. உங்களிடம் மூன்று கோட்டுகள் மட்டும் இருந்திருந்தால், அதே பத்தாண்டில் ஒவ்வொன்றும் 120 முறை உழைத்திருக்கும். தடவைக்கு ₹170 கூட ஆகியிருக்காது. தரமான உடை நெடுநாள் உழைக்கும் என்று நீங்கள் படித்தது உண்மைதான். ஆனால் அந்த ஒன்று அடுத்ததை வாங்கவிடாமல் தடுத்தால்தான் அதனால் பணம் மிச்சமாகும். உங்கள் விஷயத்தில் அந்த வாசகம் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் சமாதானம் சொல்லிக்கொள்ளப் பயன்பட்டிருக்கிறது.

இதைச் சொல்வதால் உங்கள் ஆர்வத்தைக் குறைத்து மதிப்பதாக எண்ண வேண்டாம். கோட்டின் மார்புப் பகுதிக்குள் வைத்துத் தைக்கும் கேன்வாஸ் எப்படி உடம்போடு படிகிறது, சட்டைக் காலரின் முனை ஏன் மேலெழும்புகிறது, வெல்ட் எனும் தோல் பட்டி வைத்துத் தைத்த ஷூவின் அடித்தோலை ஏன் கழற்றி மாற்ற முடிகிறது என்பதெல்லாம் கற்றுக்கொள்ளத் தகுந்த நுட்பங்கள். ஆனால் தேடித் தேர்ந்தெடுப்பதில் கிடைக்கும் மகிழ்ச்சி வேறு, உடுத்திப் பழகுவதில் கிடைக்கும் மகிழ்ச்சி வேறு. முன்னது பார்சலைப் பிரித்த அன்றோடு முடிந்துவிடுவதால், மறுபடி அதைப் பெற இன்னொரு பார்சல் தேவைப்படுகிறது. அத்துடன், பழக்கம் முற்றிய நிலையில் ஒவ்வொரு புதுக் கோட்டும் பழைய கோட்டில் கண்ட குறையைத் தீர்ப்பதற்கென்றே வாங்கப்படுகிறது. முன்னதில் மார்மடிப்பு அரை அங்குலம் குறைவாக இருந்தது, நீலம் சற்றே வெளிறியிருந்தது, ஓரப் பை சாய்வாக இருந்தது என்று காரணங்கள் கிடைத்துக்கொண்டே இருக்கும். உங்களோடு கூட்டத்தில் உட்காரும் ஒருவர்கூட அந்த அரை அங்குலத்தைக் கவனித்திருக்கமாட்டார்.

ஓர் எடுத்துக்காட்டு. 2018-ஆம் ஆண்டு தம் இளைய மகன் ஹாரியின் திருமணத்துக்கு அன்றைய இளவரசர் சார்லஸ் அணிந்து வந்த சாம்பல் நிற நீள்கோட், லண்டன் தையற்கலைஞர்கள் 1984-இல் அவருக்குத் தைத்துக் கொடுத்தது. ஒட்டுப் போட்ட கோட்டுகளோடும் ஷூக்களோடும் அவர் பொது இடங்களுக்கு வருவது புகைப்படங்களில் பலமுறை பதிவாகியிருக்கிறது. வேண்டியதை வேண்டிய அளவில் வாங்க வசதியுள்ள ஒருவர் 34 ஆண்டுகள் ஒரே கோட்டை உடுத்த முடிந்ததற்கு விலை மட்டும் காரணமில்லை. கிழிந்தால் தைக்க ஆள் இருந்தது, தைத்ததை வெளியில் காட்டத் தயக்கமில்லை, உடம்பின் அளவும் பெரிதாக மாறவில்லை. 14 கோட்டுகள் வைத்திருப்பவரின் உடம்பு பத்தாண்டில் இரண்டு அங்குலம் பெருத்தால் 14 கோட்டுகளையும் பிரித்துத் தைக்க வேண்டும். அந்தச் செலவை நம்மில் யாரும் முன்கூட்டி எண்ணிப் பார்ப்பதில்லை.

அடுத்து, நீங்கள் இருக்கும் ஊரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எல்லா ஆண்களிடமும் கட்டாயம் இருக்க வேண்டிய உடைகள் என்று சுற்றிவரும் பட்டியல்களில் ஃபிளானல் எனும் மென்கம்பளிப் பேன்ட், ட்வீட் எனும் தடித்த கம்பளிக் கோட், மழைக்கான நீள்கோட் எல்லாம் இருக்கும். குளிரும் தூறலும் மிகுந்த பிரிட்டனில், அறைகளைச் சூடேற்றும் வசதி பரவாத காலத்தில் உருவான உடைகள் அவை. சென்னையில் அந்தப் பட்டியலைப் பின்பற்றினால் பாதி உடைகள் பீரோவை விட்டு வெளியே வர வாய்ப்பே இல்லை. சும்மா கிடப்பவை கெடாமல் இருக்கும் என்றும் நினைக்காதீர்கள். பெட்டியிலேயே வைத்திருந்த ஷூவை நான்காண்டு கழித்து எடுத்துப் போட்டு நடந்தால், பாலியூரித்தேன் அடிப்பாகம் உதிர்ந்து தரையெங்கும் கறுப்புத் துகளாகக் கொட்டும். காற்றிலுள்ள ஈரமே அந்தப் பொருளைச் சிதைத்துவிடுகிறது. கடையில் கொடுத்த பாலித்தீன் உறையோடு அடுக்கிய வெள்ளைச் சட்டையைப் பிரித்துப் பாருங்கள். காலர் மடிப்பிலும் தோள் ஓரத்திலும் மஞ்சள் கோடு ஓடியிருக்கலாம். பல பாலித்தீன் உறைகளில் சேர்க்கப்படும் ஒரு வேதிப்பொருள், வாகனப் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளோடு சேரும்போது துணியை இப்படி மஞ்சளாக்குகிறது. போதாக்குறைக்குத் தோலில் பூஞ்சணம் படரும், கம்பளித் துணியைப் பூச்சி அரிக்கும். பசை வைத்து ஒட்டிய கோட்டுகளில் மார்புப் பகுதி நாளடைவில் கொப்பளித்து எழும்பும்.

எதையும் உடனே தூக்கிக் கொடுத்துவிட வேண்டாம். அவசரத்தில் கொடுத்தவர்கள் அந்த இடத்தை நிரப்ப மறுபடி வாங்குவதைப் பார்த்திருக்கிறோம். ஒவ்வொரு கோட்டின் உள்பையிலும் ஒரு சிறு சீட்டை வையுங்கள். போடும் நாளில் தேதியைக் குறியுங்கள். ஆறு மாதம் கழித்துச் சீட்டுகளை எடுத்து மேசையில் பரப்பினால், மூன்று நான்கு சீட்டுகளில்தான் தேதிகள் நிறைந்திருக்கும். அந்தக் கோட்டுகளை ஒன்றாக மாட்டிவைத்து நிறம், துணியின் எடை, தோளின் அமைப்பு ஆகியவற்றில் எது பொதுவாக இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் உண்மையான ரசனை அதில் தெரியும். ஆறு ஆண்டுகள் படித்ததில் அது தெரிந்திருக்காது. அந்த ஆறு மாதமும் புதிதாக எதையும் வாங்காமல், அதற்கென வைத்திருந்த பணத்தில் ஒரு பகுதியை இருக்கும் உடைகளைச் சரிசெய்யச் செலவிடுங்கள். கை நீளத்தைக் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது, பேன்ட்டின் அடியை மடித்துத் தைப்பது எல்லாம் உங்கள் பகுதித் தையற்காரரே செய்யக்கூடியவை. வாங்கியபோது பிடித்திருந்தும் உடுத்தாமல் விட்ட சில கோட்டுகள் இந்தச் சிறு வேலைக்காகத்தான் காத்திருக்கின்றன. தோள் அளவு பொருந்தாதவற்றை மட்டும் விட்டுவிடுங்கள். தோளை மாற்றுவது ஏறக்குறையப் புதிதாகத் தைப்பதற்குச் சமம்.

கேள்வி: என் கணவர் சட்டைகளும் ஷூக்களும் வாங்கிக் குவிக்கிறார். வீட்டில் கேட்பேன் என்று பார்சல்களை அலுவலக முகவரிக்கு வரவழைக்கிறார். பிரிக்காத பெட்டிகளைக் காரின் பின்பக்கத்தில் பார்த்தேன். கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகையை மட்டுமே கட்டிவருகிறார் என்று இப்போதுதான் தெரிந்தது. அவர் குடிப்பதில்லை, நல்ல மனிதர். இதைச் சண்டையாக்காமல் எப்படிப் பேசுவது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: முந்தைய கடிதத்தில் இருப்பது ஆர்வம் அளவு மீறிய நிலை. உங்கள் கணவருடையது அதைக் கடந்துவிட்டதாகத் தோன்றுகிறது. எத்தனை சட்டை என்பதை வைத்து இப்படிச் சொல்லவில்லை. வாங்கியதை மறைப்பது, வாங்கியதைப் பிரிக்கக்கூடத் தோன்றாமல் விடுவது, கடனாகிறது என்று தெரிந்தும் நிறுத்த முடியாமலிருப்பது ஆகிய மூன்றும் சேர்ந்திருப்பதுதான் கவலை தருகிறது. வாங்கியே தீர வேண்டும் என்ற இந்த உந்துதலை ஜெர்மன் மனநல மருத்துவர் எமில் கிரேப்பலின் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே விவரித்திருக்கிறார். 2022 முதல் நடைமுறையில் இருக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, இதைத் தனி நோயாக வரையறுக்காவிட்டாலும், உந்துதலைக் கட்டுப்படுத்த இயலாத கோளாறுகளில் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. ஆகவே இதைக் குணக்கேடாகவோ ஊதாரித்தனமாகவோ பேசினால் அவர் இன்னும் மறைக்கவே பார்ப்பார்.

பேசும்போது உடைகளை விட்டுவிட்டுக் கடனிலிருந்து தொடங்குங்கள். 'இத்தனை சட்டை எதற்கு?' என்று கேட்டால், ஒவ்வொன்றுக்கும் அவரிடம் காரணம் இருக்கும். அதற்குப் பதிலாகக் கார்டின் கடைசி மூன்று மாத அறிக்கையை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். நிலுவைத் தொகைக்கு ஆண்டுக்கு 36 முதல் 42 சதவீதம் வரை வட்டி போவது நம் நாட்டில் சாதாரணம். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் அசல் நகரவே நகராது. அவர் ஒப்புக்கொண்டால், செயலிகளில் சேமித்துவைத்த கார்டு விவரங்களை அவர் கையாலேயே நீக்கச் சொல்லுங்கள், கார்டின் வரம்பைக் குறைக்க வங்கிக்கு எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் பதினாறு இலக்க எண்ணை எடுத்துப் பார்த்து அடிக்க வேண்டியிருந்தால், அந்த நேரத்துக்குள் பல உந்துதல்கள் தணிந்துவிடும். அவருக்குத் தெரியாமல் உடைகளை எடுத்து யாருக்காவது கொடுக்கும் வேலையை மட்டும் செய்யாதீர்கள்.

எந்த நேரத்தில், எந்த மனநிலையில் வாங்குகிறார் என்பதையும் மென்மையாகக் கேளுங்கள். இரவு பதினொரு மணிக்கு மேல், அலுவலகத்தில் மனம் நொந்த நாளில் என்று பதில் வந்தால், பேச வேண்டிய பிரச்சினை சட்டை அல்ல. இதற்கு உளவியல் சிகிச்சை உண்டு. எண்ணத்தையும் நடத்தையையும் சேர்த்துக் கையாளும் முறை பலருக்குப் பயன்பட்டிருக்கிறது. உள்ளூர் மருத்துவரிடம் போகத் தயங்கினால், மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416-இல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். முதலில் நீங்களேகூடப் பேசிப் பார்க்கலாம்.

கேள்வி: கல்லூரி முடித்து அடுத்த மாதம் வங்கிப் பணியில் சேர்கிறேன். உடைக்கு ₹30,000 ஒதுக்க முடியும். கோட் சூட்டில் தொடங்கலாமா?
— எஸ்.வி., கோயம்புத்தூர்

பதில்: கோட் வேண்டாம், இப்போதைக்கு. உங்கள் வேலை வாரத்தில் ஐந்தாறு நாள் பேன்ட்டிலும் சட்டையிலும் நடக்கப்போகிறது. பணமும் அங்கேதான் போக வேண்டும். கம்பளி கலந்த துணியில் நடுத்தரச் சாம்பல் ஒன்றும் கருநீலம் ஒன்றுமாக இரண்டு பேன்ட்டுகளைத் தைத்துக்கொள்ளுங்கள். முழுப் பாலியஸ்டரைவிடக் காற்றோட்டம் இருக்கும், முழுப் பருத்தியைப்போல முழங்காலில் கசங்கித் தொங்காது. ஒரு பேன்ட்டுக்கு அகலத் துணியில் 1.20 முதல் 1.30 மீட்டர் போதும். தையற்காரரிடம் இடுப்பின் பின்தையலில் ஓர் அங்குலமாவது துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். முதல் இரண்டு ஆண்டு வங்கி வேலையில் உடம்பு போடாதவர்கள் குறைவு.

சட்டைகள் ஐந்து இருந்தால் வாரம் ஓடும். இரண்டு வெள்ளை, இரண்டு வெளிர்நீலம், ஒன்று மெல்லிய கோடு போட்டது என்று வைத்துக்கொண்டால் எந்தச் சட்டையும் எந்தப் பேன்ட்டோடும் பொருந்தும். காலையில் நின்று யோசிக்க வேண்டியிருக்காது. ஷூவில் சிக்கனம் பார்க்காதீர்கள். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பகுதித் தொழிற்சாலைகள் உலகச் சந்தைக்கே தோல் ஷூ செய்து அனுப்புகின்றன. நம் ஊரிலேயே நல்ல தோல் கிடைக்கும். கறுப்பில் ஒன்றும் அடர்பழுப்பில் ஒன்றும் வாங்கி, ஒருநாள் விட்டு ஒருநாள் போடுங்கள். வியர்வை காய ஒரு நாள் கிடைத்தால் தோலின் ஆயுள் கண்கூடாகக் கூடும். இவ்வளவுக்குப் பிறகும் பணம் மிஞ்சினால், ஆடித் தள்ளுபடி என்று ஓடாமல் அப்படியே வைத்திருங்கள். ஆறு மாதம் வேலை பார்த்த பிறகு எது குறைகிறது என்று உங்களுக்கே தெரியும். அப்போது கோட் தேவை என்று பட்டால், கருநீலத்தில் ஒன்றைத் தைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சூப்பர் 150 என்று போட்ட சூட் துணி, சூப்பர் 100-ஐவிட உயர்ந்ததுதானே? விலை இரு மடங்காக இருக்கிறதே?
— கே.பி., மதுரை

பதில்: அந்த எண் கம்பளி இழையின் நுண்மையைக் காட்டுகிறது, துணி எவ்வளவு நாள் உழைக்கும் என்பதைக் காட்டவில்லை. சூப்பர் 100 என்றால் இழையின் சராசரிக் குறுக்களவு 18.75 மைக்ரானுக்கு மிகாமலும், சூப்பர் 150 என்றால் 16.25 மைக்ரானுக்கு மிகாமலும் இருக்க வேண்டும். இழை மெலியும்போது தொடுவதற்கு வழவழப்பாக இருக்கும், விலையும் ஏறும். ஆனால் எளிதில் கசங்கும்; இருசக்கர வாகனத்தில் உட்கார்ந்து எழுவதிலேயே பேன்ட் தேய்ந்து பளபளக்கத் தொடங்கும். மதுரை வெயிலில் அடிக்கடி உடுத்துவதற்கென்றால், சூப்பர் 100 அளவிலேயே, நன்றாக முறுக்கேற்றிய நூலில் சாதா நெசவாக நெய்த துணியைக் கேளுங்கள். கையால் கசக்கி விட்டால் உடனே விரியும். வெளிச்சத்தில் பிடித்தால் நெசவின் இடைவெளி தெரியும். பாலியஸ்டர் பெருமளவு கலந்த துணியின் கரையிலும் இந்த எண்ணை அச்சிட்டு விற்கிறார்கள். அங்கே அந்த எண்ணை விட்டுவிட்டு, கம்பளி எத்தனை சதவீதம் என்று கேளுங்கள்.

கேள்வி: ஆணுடை என்றால் கோட், சூட்தானா? வேட்டிக்கு இதில் இடமில்லையா?
— டி.ஆர்., கும்பகோணம்

பதில்: முதல் இடமே உண்டு. வேட்டி அணிந்து வந்த உயர் நீதிமன்ற நீதிபதிக்குச் சென்னை கிளப் ஒன்றில் அனுமதி மறுக்கப்பட்டதையடுத்து, அத்தகைய தடைகளை நீக்கும் சட்டத்தைத் தமிழகச் சட்டமன்றம் 2014-இல் இயற்றியதே; வேட்டி முழுமையான பொது உடை என்பதில் இனி விவாதத்துக்கு இடமில்லை. நடைமுறையாகப் பார்த்தாலும், நம்மவர்கள் வாங்கும் கோட்டுகளில் கணிசமானவை திருமண வரவேற்புகளுக்கென்று வாங்கப்பட்டு, அதோடு பீரோவுக்குள் போகின்றன. கரை போட்ட நல்ல பருத்தி வேட்டி இரண்டும் பட்டு வேட்டி ஒன்றும் இருந்தால் அந்த நிகழ்ச்சிகள் அத்தனைக்கும் போதும். உடம்பு இளைத்தாலும் பெருத்தாலும் பிரித்துத் தைக்கும் வேலையும் இல்லை.

கேள்வி: எனது அப்பா 1974-இல் கொழும்பில் தைத்த சூட் ஒன்று எங்களிடம் இருக்கிறது. அப்பா இறந்து இரண்டு வருஷமாகிறது. எனக்கு அது சற்று இறுக்கம். புதிதாக ஒன்று வாங்குவதைவிட இதைத் திருத்தி உடுத்த முடியுமா?
— ஜே.என்., டொராண்டோ

பதில்: தோள் பொருந்துகிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். கோட்டைப் பொத்தான் போடாமல் அணிந்து பக்கவாட்டில் ஒரு சுவரை ஒட்டி நில்லுங்கள். உங்கள் மேற்கைக்கு முன்பே தோள் திண்டு சுவரில் முட்டினால் கோட் பெரிது. கை முட்டிய பிறகும் திண்டு உள்ளே ஒடுங்கி நின்றால் சிறிது. தோள் சரியாக இருந்தால் மற்றவை பெரும்பாலும் முடியும். அந்தக் காலத்துத் தையற்காரர்கள், அளவு மாறும் என்பதை எதிர்பார்த்தே பக்கத் தையல்களிலும் பேன்ட்டின் பின்தையலிலும் தாராளமாகத் துணி விட்டிருப்பார்கள். லைனிங்கின் ஓரத்தைச் சிறிது பிரித்து அளந்து பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் முக்கால் அங்குலம் கிடைத்தால்கூட மார்பில் ஓர் அங்குலத்துக்கு மேல் விரிக்கலாம். பிரித்த இடத்தில் உள்ளிருந்த துணி, வெளியில் இருந்ததைவிடச் சற்று அடர்ந்த நிறத்தில் தெரியும். சில முறை உடுத்தி உலர்சலவைக்குக் கொடுத்த பிறகு அந்த வேறுபாடு ஓரளவு மங்கும்.

அன்றைய கம்பளித் துணி இன்றையதைவிடப் பொதுவாகக் கனமானது. கொழும்பில் அது உங்கள் அப்பாவுக்கு வியர்த்திருக்கும். டொராண்டோவின் அக்டோபர் முதல் ஏப்ரல் வரையான மாதங்களுக்கு அதைவிடப் பொருத்தமான கனத்தைத் தேடிப் பிடிப்பது கடினம். தையற்காரரிடம் கொண்டுபோவதற்கு முன், பிளாஸ்டிக் பையில் காற்று புகாமல் கட்டி, வீட்டு உறைபெட்டியில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். பூச்சியின் முட்டைகள் இருந்தால் அழிந்துவிடும், மற்ற உடைகளுக்கும் பரவாது. வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் அறை வெப்பத்தில் விட்டுவிட்டுப் பிறகு திறந்தால் துணியில் ஈரம் படியாது. சிறு அரிப்புத் துளைகள் இருந்தால், பேன்ட் அடியின் உள்மடிப்பிலிருந்து நூலை உருவி எடுத்து இழையோட்டிச் சரிசெய்யத் தெரிந்தவர்கள் அந்த நகரத்தில் இருப்பார்கள். திருத்துவதற்கு முன்பே அதையும் சேர்த்து விலை பேசிக்கொள்ளுங்கள்.